யார் ஆட, யார் படிக்க?

(பினாங்கு ஜார்ஜ் டவுனில் கலை மாணவர்களும் பெற்றோரும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆப்பிரிக்காவில் பெற்றோரை இழந்த பிள்ளைகளின் படிப்புக்காகக் கலை இரவு ஒன்று நடத்த விரும்புகிறீர்கள். அதைப் பற்றிப் பேச என்னை அழைத்தீர்கள். வாழ்த்துச் சொல்லிவிட்டு இறங்கினால் ஐந்து நிமிடத்தில் என் வேலை முடிந்துவிடும். ஆனால் நீங்கள் கையில் எடுத்திருப்பது முந்நூறு ஆண்டுப் பழைமையுள்ள வேலை. அதை நன்றாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகளை நாசமாக்கியவர்களும் இருக்கிறார்கள். இந்த இரு சாராரும் ஒரே மாதிரி விளம்பரத் தாளைத்தான் அச்சடித்தார்கள். எனவே வித்தியாசம் வேறெங்கோ இருக்கிறது. மேடையில் ஆடுவது யார், அதனால் படிப்பது யார் என்று இரண்டு கேள்விகள் கேட்டால் அது புலப்படும்.

முதலில் வெனிஸ் நகரம். அங்கே பியெத்தா என்று ஒரு காப்பகம் இருந்தது. பெற்றவர்கள் விட்டுச் சென்ற குழந்தைகளை எடுத்து வளர்த்த இடம். பெண் பிள்ளைகளில் குரலும் கையும் வாய்த்தவர்களுக்கு அங்கே முறையாக இசை கற்றுக் கொடுத்தார்கள். 1703-இல் அங்கு வயலின் கற்பிக்க வந்தவர்தான் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற அந்தோனியோ விவால்டி. ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்தும் பயணிகள் வந்து அந்தப் பெண்களின் கச்சேரியைக் கேட்டார்கள். அந்தப் புகழ் காப்பகத்துக்கு வருமானமாகவும் வந்தது. பாடிய பெண்கள் கம்பித் தடுப்புக்குப் பின்னால் நின்று பாடினார்கள். கேட்டவர்களுக்கு முகம் தெரியாது. அன்றைய ஒழுக்க விதி அதற்குக் காரணம். அந்தக் கட்டுப்பாட்டை நான் போற்றவில்லை. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள்: அங்கே வந்தவர்கள் அனாதைப் பெண்ணின் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டுப் பணம் தரவில்லை. சங்கீதம் அவ்வளவு நன்றாக இருந்தது.

இரண்டாவது லண்டன். தாமஸ் கோரம் என்ற கப்பல் தலைவர், தெருவில் விடப்பட்ட குழந்தைகளுக்காக 1739-இல் அரச அனுமதி பெற்று ஒரு காப்பகம் தொடங்கினார். இசைமேதை ஹாண்டெல் 1749-இல் அதற்காக ஒரு கச்சேரி நடத்தினார். அடுத்த ஆண்டிலிருந்து தம்முடைய ‘மெசையா’ என்ற இசைப் படைப்பை ஆண்டுதோறும் அங்கே நிகழ்த்தும் வழக்கம் தொடங்கியது. பாடியவர்களும் வாசித்தவர்களும் தேர்ந்த கலைஞர்கள். குழந்தைகளுக்காகப் பெரியவர்கள் உழைத்தார்கள்.

மூன்றாவது அமெரிக்காவின் நாஷ்வில். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட மக்களுக்காக 1866-இல் தொடங்கிய ஃபிஸ்க் கல்விக்கூடம் ஐந்தே ஆண்டில் கடனில் மூழ்கும் நிலைக்கு வந்தது. அதன் பொருளாளர் ஜார்ஜ் ஒயிட் 1871 அக்டோபரில் ஒன்பது மாணவர்களைக் கொண்ட பாடகர் குழுவோடு ஊர் ஊராகக் கிளம்பினார். பெரும்பாலோர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். தொடக்கத்தில் வெள்ளையர்களுக்குப் பழகிய பாடல்களைப் பாடினார்கள், கைக்காசு கரைந்தது. தங்கள் தாய் தந்தையர் வயல்வெளிகளில் ரகசியமாகப் பாடிய பக்திப் பாடல்களை மேடையேற்றிய பிறகுதான் கூட்டம் எழுந்து நின்றது. 1873-இல் விக்டோரியா அரசியார் முன்னிலையில் பாடினார்கள். அந்தப் பணத்தில் எழுந்த ஜூபிலி மண்டபம் இன்றும் அந்தப் பல்கலைக்கழக வளாகத்தில் நிற்கிறது. ஆனால் அதற்கும் ஒரு விலை இருந்தது. ஓயாத பயணத்தில் பாடகர்கள் நோயுற்றார்கள், படிப்பு தடைபட்டது. தங்கள் கல்விக்கூடத்தைக் காப்பாற்றப் போனவர்கள் தாங்களே வகுப்பில் உட்கார முடியாமல் போனார்கள்.

இதை வெளிநாட்டுக் கதை என்று ஒதுக்க நமக்கு வழியில்லை. தமிழ் நாடக மேடையின் பெரும்பகுதி சிறுவர்களின் முதுகில் ஏறி வந்தது. 1918-இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் பிள்ளைகளைக் கொண்டே ஒரு நாடக சபை அமைத்தார். தி.க. சண்முகமும் அவருடைய சகோதரர்களும் அங்கே சேர்ந்தவர்கள். ‘எனது நாடக வாழ்க்கை’ என்ற நூலில் அவர் அந்தக் காலத்தை விரிவாக எழுதியிருக்கிறார். பாய்ஸ் கம்பெனிகள் என்று அழைக்கப்பட்ட இந்தக் குழுக்களில் குரு பக்தி இருந்தது, கடுமையான பயிற்சி இருந்தது, மூன்று வேளைச் சோறும் இருந்தது. அந்தச் சோற்றுக்காகத்தான் ஏழைத் தாய்மார்கள் பிள்ளைகளை அங்கே விட்டார்கள். பள்ளிக்கூடம் மட்டும் அங்கே இல்லை.

கண்டிக்கு அருகே நாவலப்பிட்டியில் 1917-இல் பிறந்து, தந்தையை இழந்து, கும்பகோணத்தில் மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு அண்ணனோடு நாடகக் கம்பெனியில் சேர்ந்த ஒரு சிறுவனை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். அவர்தான் எம்.ஜி.ஆர். அவர் தமிழ்நாட்டின் முதலமைச்சராக இருந்தபோது 1982-இல் சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். சோற்றுக்காகப் பள்ளியை விட்டு மேடைக்குப் போக வேண்டியிருந்தவர், சோற்றுக்காகப் பிள்ளைகள் பள்ளிக்கு வரும்படி செய்தார். ‘அவர் மேடைக்குப் போனதால்தானே எம்.ஜி.ஆர். ஆனார்’ என்று யாராவது கேட்கலாம். ஆயிரக்கணக்கில் போன பிள்ளைகளில் பெயர் தெரிந்தவர்கள் மிகச் சிலரே. குரல் உடைந்ததும் வேஷம் இல்லாமல் போன மற்றவர்களை யார் எண்ணினார்கள்?

அதே மேடை வேறுவிதமாகவும் உதவியிருக்கிறது. சக்தி கிருஷ்ணசாமி எழுதிய ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ நாடகம் 1957-இல் சேலத்தில் அரங்கேறியது. சிவாஜி கணேசன் அதை ஊர் ஊராக நடத்தி, வசூலைக் கல்வி நிறுவனங்களுக்கு நன்கொடையாகக் கொடுத்தார். நடித்தவர் தொழில் தெரிந்த பெரியவர். படித்தவர்கள் வேறு வீட்டுப் பிள்ளைகள். லண்டனில் ஹாண்டெல் செய்ததும் இதுதான்.

இப்போது ஆப்பிரிக்காவுக்கு வருவோம். 1984-இல், உகாண்டா உள்நாட்டுப் போரில் எரிந்துகொண்டிருந்த காலத்தில், ரே பார்னெட் என்பவர் அந்நாட்டுக் குழந்தைகளைக் கொண்டு ஆப்பிரிக்கச் சிறுவர் பாடகர் குழுவைத் தொடங்கினார். ஏழு முதல் பத்து வயதுப் பிள்ளைகள். பலர் தாயையோ தந்தையையோ இருவரையுமோ இழந்தவர்கள். மேலைநாடுகளில் கச்சேரி நடத்தித் திரட்டிய பணத்தில் அவர்களுக்கும் பிற பிள்ளைகளுக்கும் கல்வி தரப்பட்டது. 2005-இல் லண்டன் ஹைட் பார்க்கில் நடந்த ‘லைவ் 8’ பெருநிகழ்ச்சியில் அந்தக் குழு பாடியது. அந்தக் குழு தொடங்கிய பின்னர் இந்த முறையைப் பலர் எடுத்துக்கொண்டார்கள்.

நமக்கு அருகில் வந்தது இன்னொரு குழு. தைவானைச் சேர்ந்த பௌத்தத் துறவி ஹுய் லி, 1992-இல் தென்னாப்பிரிக்கா சென்றவர். பின்னர் மலாவி தொடங்கிச் சில ஆப்பிரிக்க நாடுகளில் அமிதோஃபோ பராமரிப்பு மையங்களை நிறுவினார். அங்கு வளரும் பிள்ளைகள் சீன மொழி படிக்கிறார்கள், குங்ஃபூ பழகுகிறார்கள். மலேசியா உட்பட ஆசிய நாடுகளுக்கு வந்து கலை நிகழ்ச்சி நடத்தி நன்கொடை திரட்டுகிறார்கள். அங்கு வளர்ந்த மலாவிப் பையன் ஒருவனை வைத்து நிக்கோல் ஷாஃபர் எடுத்த ‘புத்தா இன் ஆப்பிரிக்கா’ என்ற ஆவணப்படம் 2019-இல் வெளிவந்தது. அந்தப் பையனுக்குச் சீனம் சரளமாக வருகிறது, குங்ஃபூவில் கெட்டிக்காரன், தைவானில் மேற்படிப்புக்கு வாய்ப்பும் திறக்கிறது. ஆனால் கிராமத்து உறவுகளும் சொந்த மொழியும் அவனைவிட்டு மெல்ல விலகுகின்றன. கொடுக்கப்பட்டதையும் இழந்ததையும் அந்தப் படம் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது. தாய்மொழிப் பள்ளிக்காக இத்தனை ஆண்டுகள் போராடிய மலேசியத் தமிழருக்கு அந்த இழப்பைப் பற்றி நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

இன்னும் கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1990களில் சாம்பியாவிலிருந்து சிறுவர் பாடகர் குழுக்கள் அமெரிக்காவின் டெக்ஸஸ் மாநிலத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டன. ‘உங்களுக்குப் படிப்பு, உங்கள் ஊரில் பள்ளிக்கூடம்’ என்பது வாக்குறுதி. தாயையும் தந்தையையும் இழந்திருந்த கிவன் கச்செப்பா 1998-இல் பதினொரு வயதில் அந்தக் குழுவில் போனார். ஒரே நாளில் பல கச்சேரிகள். பாடாவிட்டால் சாப்பாடு இல்லை என்ற மிரட்டல். படிப்பும் இல்லை, சம்பளமும் இல்லை, ஊரில் பள்ளியும் எழவில்லை. 2000-இல் அதிகாரிகள் தலையிட்டுப் பிள்ளைகளை மீட்டார்கள். பின்னாளில் கச்செப்பா தாமே பொதுமேடைகளில் இதைச் சொல்லி ஆள்கடத்தலுக்கு எதிராகப் பேசினார். கச்சேரிக்கு வந்து கைதட்டிய நல்ல மனிதர்கள் பலருக்கும் இது தெரியவில்லை. அவர்கள் கண்டது அழகாக உடுத்திச் சிரித்துப் பாடும் பிள்ளைகளை.

இது கெட்டவர்கள் செய்த வேலை, நாம் நல்லவர்கள் என்று நிம்மதி கொள்ள முடியாது. கணக்கே அந்தப் பக்கம் தள்ளும். ஒரு பேச்சுக்குப் போட்டுப் பார்ப்போம். எண்ணூறு இருக்கை, டிக்கெட் ஐம்பது வெள்ளி (மலேசிய ரிங்கிட்). அரங்கு நிறைந்தால் நாற்பதாயிரம் வெள்ளி. மண்டபம், ஒலி, ஒளி, உடை, அச்சு எல்லாம் போகப் பாதி மிஞ்சினால் நல்லது. இப்போது ஆப்பிரிக்காவிலிருந்து இருபது பிள்ளைகளை வரவழைக்கிறீர்கள். போக வர ஒருவருக்கு ஐயாயிரம் வெள்ளி என்றாலே ஒரு லட்சம். தங்குமிடம், சாப்பாடு, உடன் வரும் பெரியவர்கள் தனி. ஒரு நிகழ்ச்சியில் இது கட்டுப்படியாகாது. ஐந்து, பத்து, இருபது நிகழ்ச்சி வேண்டும். நிகழ்ச்சி கூடக்கூடப் பிள்ளைகள் பள்ளியை விட்டிருக்கும் வாரங்களும் கூடும். கூட்டம் இளகிக் கொடுக்க வேண்டுமென்றால் அவர்களுடைய துயரக் கதையும் ஒவ்வோர் இரவும் சொல்லப்பட வேண்டும். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லாமலே குழந்தை உழைக்கும், பயணச் செலவு அதைத் தின்னும்.

அடுத்து, நாம் உதவ நினைக்கும் பிள்ளைகளின் உண்மை நிலை. காப்பகங்களில் வளரும் குழந்தைகளில் ஐந்தில் நால்வருக்காவது தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார் என்று ‘சேவ் தி சில்ட்ரன்’ அமைப்பு 2009-இல் சொன்னது. அவர்களைக் காப்பகத்துக்கு அனுப்பும் பெரிய காரணம் வறுமை. பிள்ளையைப் படிக்க வைக்க வழி தெரியாத தாய், படிக்க வைக்கிறோம் என்று வருபவரிடம் ஒப்படைக்கிறாள். உண்மையாகவே இருவரையும் இழந்த பிள்ளைகளில் பலர் பாட்டி வீட்டிலோ அத்தை வீட்டிலோ வளர்கிறார்கள். குழந்தையை அதன் உறவுகளோடு வாழவைப்பதே முதல் வழி, காப்பகம் கடைசி வழி என்று ஐ.நா. பொதுச்சபை 2009-இல் ஏற்ற மாற்றுப் பராமரிப்பு நெறிகள் சொல்கின்றன.

ஆரம்பப்பள்ளிக் கட்டணம் பல நாடுகளில் இப்போது கிடையாது. மலாவி 1994-இலும், உகாண்டா 1997-இலும், கென்யா 2003-இலும் அதை நீக்கின. பிள்ளை தடுக்கி விழுவது அதற்கு அப்பால்: சீருடை, காலணி, நோட்டுப் புத்தகம், தேர்வுக் கட்டணம், இடைநிலைப்பள்ளிக்குப் போகும் தொலைவு, விடுதி. ஒவ்வொன்றும் சிறிய செலவு. ஆனால் ஆண்டுக்காண்டு வரும் செலவு. இடைநிலைப்பள்ளியில் முதலாம் படிவத்துக்குப் பணம் கட்டிவிட்டு மூன்றாம் படிவத்தில் கைவிட்டால், கட்டிய பணமும் அந்தப் பிள்ளையின் நம்பிக்கையும் சேர்ந்து போகும்.

இதைச் சரியாகப் புரிந்துகொண்டவர் ஆன் காட்டன். ஜிம்பாப்வே கிராமங்களில் பெண் பிள்ளைகள் பள்ளிக்குப் போகாததற்கு வறுமையே காரணம் என்று கண்டார். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் சந்தையில் கேக் செய்து விற்ற பணத்தோடு தொடங்கி, 1993-இல் முப்பத்திரண்டு பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார். அதிலிருந்து வளர்ந்ததே ‘காம்ஃபெட்’ அமைப்பு. அதனிடம் உதவி பெற்றுப் படித்த பெண்கள் இன்று ஒன்றுகூடி அடுத்த தலைமுறைப் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள். பணம் திரட்ட அந்த முப்பத்திரண்டு பிள்ளைகளும் மேடையில் ஆட வேண்டியிருக்கவில்லை. அவர்கள் இருந்த இடம் வகுப்பறை.

‘ஏன் ஆப்பிரிக்கா? நம் தமிழ்ப்பிள்ளைகளுக்கே வழியில்லையே’ என்று இந்த அவையில் சிலர் மனத்துக்குள் கேட்பது தெரிகிறது. தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும் என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பினாங்கின் வரலாற்றைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். 1816-இல் தொடங்கிய பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் பொதுமக்கள் நன்கொடையோடு எழுந்தது. 1852-இல் பிரெஞ்சுக் கன்னியாஸ்திரிகள் கடல் கடந்து வந்து லைட் ஸ்திரீட் கான்வென்ட்டைத் தொடங்கி, ஆதரவற்ற பெண் பிள்ளைகளை எடுத்து வளர்த்தார்கள். ஸ்காட்லாந்து சாலையில் இராமகிருஷ்ண ஆசிரமம் இன்றுவரை நம் பிள்ளைகளை ஆதரித்து வருகிறது. இந்த ஊரில் படித்து முன்னேறிய பல குடும்பங்களின் பின்னால் யாரோ ஊர் பெயர் தெரியாதவர்களின் பணம் இருக்கிறது. வாங்கிய ஊர் கொடுக்கவும் வேண்டும். திரளும் தொகையில் ஒரு பாதியை இங்குள்ள பிள்ளைகளுக்கும் மறுபாதியை அங்குள்ளவர்களுக்கும் என்று முதலிலேயே அறிவித்துவிட்டால் மனக்குறையும் தீரும்.

கலைக்கும் பினாங்குக்கும் உள்ள உறவு புதிதல்ல. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்து, இந்திய முஸ்லிம் வழிவந்த ஜாவி பெரானாக்கான் மக்கள் இங்கே பங்சாவான் நாடகத்தை உருவாக்கினார்கள். முஹர்ரம் நாட்களில் போரியா குழுக்கள் வீடு வீடாகச் சென்று பாடிப் பரிசு பெற்றன. 1938-ஆம் ஆண்டின் இறுதியில் சீனாவின் வூஹானிலிருந்து இளைஞர் பாடகர் குழு ஒன்று சிங்கப்பூர் வந்து, மலாயா முழுதும் சுற்றிப் பாடி, போரில் சிக்கிய தம் மக்களுக்கு நிவாரண நிதி திரட்டியது. சீனப் பள்ளிகளுக்காக நடக்கும் பெரிய அறக்கலை நிகழ்ச்சிகளைக் கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளாக நீங்களே பார்க்கிறீர்கள். நம் பக்கத்தில் பேபிங்டன் அவென்யூவில் இருக்கும் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ், 1981-இல் சுவாமி சாந்தானந்த சரஸ்வதி தொடங்கிய இயக்கத்தின் கிளை. கலையைத் தொண்டாகவே கற்பிக்கும் இடம். ஆக, இந்த ஊருக்கு மேடையும் தெரியும், கொடையும் தெரியும்.

மலேசியச் சட்டமும் நமக்குத் துணை. 1966-ஆம் ஆண்டின் சிறார், இளையோர் வேலைவாய்ப்புச் சட்டம், பொதுக் கேளிக்கையில் குழந்தைகளை ஈடுபடுத்த உரிமம் கேட்கிறது. 2001-ஆம் ஆண்டின் சிறார் சட்டம் இன்னும் கூர்மையானது: பாடுவது போல, இசைப்பது போல, ஏதோ விற்பது போலக் காட்டிக்கொண்டு ஒரு குழந்தையை வைத்துப் பிச்சை எடுத்தாலும் அது பிச்சைதான், குற்றம்தான் என்கிறது. வீடு வீடாகவோ தெருவிலோ நிதி திரட்ட 1947-ஆம் ஆண்டிலிருந்தே உரிமச் சட்டம் இருக்கிறது. உண்டியலோடு சிறு பிள்ளையைக் கடைத்தெருவுக்கு அனுப்புபவர்கள் இதையெல்லாம் ஒருமுறை படிக்க வேண்டும்.

இனி நான் கேட்டுக்கொள்பவை.

ஆடுங்கள், பாடுங்கள், நீங்களே ஆடுங்கள். பதின்மூன்று வயதில் வர்ணம் ஆட முடிகிறவர்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள். உங்களுக்குச் சாப்பாடும் பள்ளியும் வீடும் இருக்கின்றன. ஒத்திகைக்காக எதையும் இழக்கப்போவதில்லை. மேடை உங்களுடையதாகவும் வகுப்பறை அவர்களுடையதாகவும் இருக்கட்டும். அரங்கேற்றத்துக்குப் பெற்றோர் செலவழிப்பது எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அன்று வரும் அன்பளிப்பு உறைகளைக் கல்வி நிதிக்கு என்று அழைப்பிதழிலேயே எழுதுங்கள்.

விளம்பரத் தாளில் அழுகிற குழந்தையின் படம் வேண்டாம். அந்தக் குழந்தை ஒருநாள் வளர்ந்து, வேலைக்குப் போகும் இடத்தில் யாராவது அந்தப் படத்தை எடுத்துக் காட்டக்கூடும். பெயரும் வேண்டாம், பெற்றவர் எப்படி இறந்தார் என்ற கதையும் வேண்டாம்.

பணத்தைக் கட்டடத்துக்கு என்று கொடுக்காதீர்கள். உறவினர் வீட்டில் இருந்து பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குக் கட்டணம், சீருடை, விடுதி என்று போகும் வழியைத் தேடுங்கள். எத்தனை பேரைத் தொடங்கினாலும் அத்தனை பேரையும் இறுதித் தேர்வு வரை கொண்டுபோகும் அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இருபது பேருக்கு ஓர் ஆண்டு என்பதைவிட நான்கு பேருக்கு ஐந்தாண்டு என்பதே மேல். நிகழ்ச்சி முடிந்த மறுமாதமே வரவு செலவை அச்சிட்டு, டிக்கெட் வாங்கிய ஒவ்வொருவருக்கும் அனுப்புங்கள். அந்தக் கணக்கைப் பெரியவர்கள் எழுதக்கூடாது. ஆடிய நீங்களே எழுதுங்கள். நட்டுவாங்கம் கற்ற கைக்குக் கணக்கும் வரட்டும்.

அப்படியானால் ஆப்பிரிக்கப் பிள்ளைகள் நம் மேடைக்கு வரவே கூடாதா என்றால், வரட்டும். விவரம் தெரிந்த வயதில், படிப்பு விடுமுறையில், தங்கள் சொந்த இசையோடும் தாளத்தோடும் விருந்தாளிகளாக வரட்டும். நீங்கள் ஒருநாள் அவர்கள் ஊருக்குப் போய் ஆடுங்கள். கலைஞரும் கலைஞரும் சந்திப்பது வேறு. கொடுப்பவரும் கை நீட்டுபவரும் சந்திப்பது வேறு.

கடைசியாக ஒன்று. உங்கள் நிகழ்ச்சி நன்றாக இருக்க வேண்டும். ‘நல்ல காரியத்துக்குத்தானே’ என்று தாளம் தப்பினாலும் மன்னிக்கும் பார்வையாளரை நம்பாதீர்கள். ‘ஐயோ பாவம்’ என்று கொடுத்தவர் மனம் ஒருமுறை இளகியதோடு கடமை முடிந்தது என்று போய்விடுவார். ‘அருமை’ என்று சொல்லிப் போனவர் அடுத்த ஆண்டு நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு டிக்கெட் வாங்குவார். முதலாம் படிவத்தில் சேர்ந்த பிள்ளை ஐந்தாம் படிவம் முடிக்க, அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும் தவறாமல் வரும் பணம்தான் வேண்டும். அதைக் கொண்டுவரப்போவது உங்கள் அடவும் சுருதியும். ஒத்திகையைத் தொடங்குங்கள்.